பழைய டிரைவர்களின் திருப்பும் மதிப்பை ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவருவது எப்படி?

வடிகால் எழுதியது:

லினக்ஸ் கர்னலில் ஒரே துணை அமைப்பின் கீழ் வரும் டிரைவர் தொகுப்பு இது. சாதனங்கள் ஐ2சி, எஸ்பிஐ, யுஎஸ்பி என்ற மூன்று இணைப்பு பஸ்களிலும் உண்டு. பலர் பல காலத்தில் எழுதியதால் பிழைச் சோதனை கோப்புக்குக் கோப்பு வேறுபடுகிறது. ஃபங்ஷன் திருப்பும் மதிப்பை வாங்கும் மாறி `ரெட்`. ஓரிடத்தில் `இஃப் (ரெட்)`, இன்னோரிடத்தில் `இஃப் (ரெட் < 0)`, வேறோரிடத்தில் `இஃப் (!ரெட்)` என்றால் தோல்வி. சில உள் ஃபங்ஷன்கள் தோல்விக்கு -1 தருகின்றன, சில 1 தருகின்றன, சில என்ன பிழை வந்தாலும் ஈஇன்வல் (-22) என்று மாற்றி அனுப்புகின்றன.

எல்லாவற்றையும் `இஃப் (ரெட்)` என்று ஒரு ஸ்கிரிப்ட் வைத்து மாற்றிவிடலாம் என்பது திட்டம். அது பாதுகாப்பானதா? இல்லையென்றால் எந்த வரிசையில் போவது?

---

நுண்ணலை எழுதியது:

வேண்டாம். ஸ்கிரிப்ட் இங்கே உதவாது. `ரெட் < 0` என்பதை `ரெட்` ஆக்குவது வெறும் ஒப்பனை மாதிரித் தெரியும். ஆனால் அதற்கு முந்தைய வரியில் கூப்பிடப்பட்டது ஐ2சி_டிரான்ஸ்ஃபர் என்றால்? இரண்டு செய்தி அனுப்பி இரண்டும் போய்ச் சேர்ந்தால் அது 2 திருப்பும். நீங்கள் மாற்றியதும் ஒவ்வொரு வெற்றியும் தோல்வியாகிவிடும். எதிர்த்திசையும் அதே அளவு ஆபத்து: காப்பி_டு_யூசர் தோற்றால் நகலெடுக்கப்படாத பைட்டுகளின் எண்ணிக்கையைத் தரும், அது எப்போதும் நேர் எண். அங்கே `ரெட் < 0` போட்டால் பிழை ஒருநாளும் பிடிபடாது.

ஆகவே சோதனை வரியிலிருந்து தொடங்காதீர்கள். கூப்பிடப்படும் ஃபங்ஷன் எதைத் திருப்பும் என்பதிலிருந்து தொடங்குங்கள். டிரைவர்களில் வருபவை பெரும்பாலும் இந்த வகைகளுக்குள் அடங்கிவிடும்.

முதல் வகை, வெற்றிக்கு 0, தோல்விக்கு எதிர்ம எர்நோ (பிழைக்குறி எண்): ரெக்மேப்_ரீட், எஸ்பிஐ_சிங்க், கிளாக்_ப்ரிபேர்_எனேபிள், ரெகுலேட்டர்_எனேபிள், ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ. இவற்றுக்கு மட்டும் `இஃப் (ரெட்)` சரி.

இரண்டாவது, வெற்றிக்கு எண்ணிக்கை: ஐ2சி_டிரான்ஸ்ஃபர், ஐ2சி_மாஸ்டர்_சென்ட், யுஎஸ்பி_கண்ட்ரோல்_எம்எஸ்ஜி. இங்கே இரண்டு சோதனை வேண்டும். எதிர்மம் என்றால் அப்படியே மேலே அனுப்பு. எதிர்பார்த்த எண்ணிக்கை வரவில்லை என்றால் ஈஐஓ (-5). இரண்டாவது சோதனையை விட்டுவிட்டால் பாதி மட்டும் நிரம்பிய பஃபரை முழுசாக நம்பி வாசிப்போம். யுஎஸ்பியில் இது தகவல் கசிவாகவே மாறும், ஏனென்றால் மீதிப் பைட்டுகளில் கர்னல் நினைவகத்தின் பழைய உள்ளடக்கம் இருக்கும்.

மூன்றாவது, வெற்றிக்கு மதிப்பே வரும்: ஐ2சி_எஸ்எம்பஸ்_ரீட்_பைட்_டேட்டா, ஜிபிஐஓடி_கெட்_வேல்யூ, பிளாட்ஃபார்ம்_கெட்_ஐஆர்க்யூ. இவற்றை வாங்கும் மாறி கட்டாயம் `இன்ட்` ஆக இருக்க வேண்டும். யு8 மாறியில் வாங்கினால் ஈஎன்எக்ஸ்ஐஓ (-6) என்பது 250 ஆகிவிடும். சிப் பதிலே சொல்லவில்லை, ஆனால் டிரைவர் அதன் நிலை ரெஜிஸ்டர் 0எக்ஸ்எஃப்ஏ என்று நம்பி மேலே போகும். ஜிபிஐஓடி_கெட்_வேல்யூவை நேரே `இஃப்`-க்குள் வைத்தால் எதிர்மப் பிழையும் 'பின் உயர்ந்த நிலையில் இருக்கிறது' என்றே ஆகும்.

நான்காவது, குறியில்லா மீதி. காப்பி_டு_யூசர், காப்பி_ஃப்ரம்_யூசர், வெயிட்_ஃபார்_கம்ப்ளீஷன்_டைம்அவுட். கடைசியாகச் சொன்னதைத் தனியே கவனியுங்கள்: நேரம் கடந்தால் 0, முடிந்தால் மீதமுள்ள ஜிஃபி (கர்னல் கடிகாரத் துடிப்பு). அதாவது 0 என்றால் தோல்வி. அந்த மதிப்பை `ரெட்`-இலேயே வாங்கி, 0 என்றால் பிழை லேபிளுக்கு கோடூ போட்டு, அங்கே `ரிட்டர்ன் ரெட்` என்று எழுதிய டிரைவர், நேரம் கடந்ததை வெற்றி என்று அறிவிக்கிறது. இதற்கென்று தனியாக `டைம்_லெஃப்ட்` என்ற அன்சைன்ட் லாங் மாறி வையுங்கள். 0 வந்த உடனே `ரெட்`-இல் ஈடைம்ட்அவுட் (-110) போடுங்கள்.

ஐந்தாவது பாயிண்டர்கள். அது தனிக் கதை.

உங்கள் தொகுப்புக்கான விதி ஒன்றுதான்: உங்கள் சொந்த ஃபங்ஷன்கள் அனைத்தும் 0 அல்லது எதிர்ம எர்நோ தரட்டும், மதிப்பு வேண்டுமென்றால் பாயிண்டர் வழியாக வரட்டும். வேறு விதமாகத் திருப்பும் எதைக் கூப்பிட்டாலும், அடுத்த வரியிலேயே இந்த வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். மாற்றம் அந்த எல்லையில் நடந்தால் மேலே உள்ள எல்லா அடுக்கும் `இஃப் (ரெட்)` என்று எளிமையாகிவிடும்.

---

மின்வலை எழுதியது:

நுண்ணலை சொன்னதோட பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க்-ஐயும் சேர்த்துக்கோங்க. அது மூணு விதமா திருப்பும்: தூங்கிட்டிருந்த சாதனத்தை எழுப்பினா 0, ஏற்கெனவே முழிச்சிருந்தா 1, தோத்தா எதிர்மம். `இஃப் (ரெட்)` போட்டா முதல் தடவை வேலை செய்யும், சாதனம் தூங்குறதுக்கு முன்னாடி ரெண்டாவது தடவை கூப்பிட்டா 1 வந்து தோல்வின்னு காட்டும். சோதனையில எல்லாம் சரியா இருந்து, பயன்பாட்டுல அவ்வப்போது மட்டும் ரீட் தோக்குதுன்னா முதல்ல இங்க பாருங்க.

அதுல இன்னொரு சிக்கல். தோத்தாலும் பயன்பாட்டு எண்ணிக்கையை ஏத்திடும். பிழைப் பாதையில பிஎம்_ரன்டைம்_புட்_நோஐடில் கூப்பிடாம வெளியே வந்தா அந்தச் சாதனம் அதுக்கப்புறம் தூங்கவே தூங்காது. 5.10 காலத்துல பிஎம்_ரன்டைம்_ரெஸ்யூம்_அண்ட்_கெட் வந்துடுச்சு. 0 இல்லேன்னா எதிர்மம், அவ்வளவுதான். தோத்தா எண்ணிக்கையையும் அதுவே இறக்கிடும். ஆனா மாத்தும்போது பழைய பிழைப் பாதையில இருக்கிற புட்-ஐ எடுக்க மறந்துடாதீங்க, இல்லேன்னா எண்ணிக்கை ஒண்ணு குறைஞ்சிடும்.

யுஎஸ்பிக்கும் அதே 5.10-ல யுஎஸ்பி_கண்ட்ரோல்_எம்எஸ்ஜி_சென்ட், யுஎஸ்பி_கண்ட்ரோல்_எம்எஸ்ஜி_ரிசீவ்-னு ரெண்டு வந்தது. குறைவான பைட் வந்தா ரிசீவ் தானே ஈரிமோட்ஐஓ (-121) தரும். உள்ள தனி பஃபர் ஒதுக்கி நகலெடுக்கிறதால ஸ்டாக்ல இருக்கிற மாறியைக்கூடக் கொடுக்கலாம். அடிக்கடி ஓடுற பாதைன்னா மட்டும் அந்த ஒதுக்கீட்டுச் செலவை யோசிச்சுக்கோங்க.

---

வடிகால் எழுதியது:

நன்றி. ஸ்கிரிப்ட் திட்டத்தைக் கைவிடுகிறேன். அடுத்த கேள்வி: -1 இருக்கும் இடங்களில் எந்த எண்ணைப் போடுவது? ஈஇன்வல் என்று ஒரே அடியாக மாற்றினால் போதுமா?

---

தடம் எழுதியது:

போதாது. அது ஒரு தவறான எண்ணுக்குப் பதில் இன்னொரு தவறான எண். -1 என்பது ஈபெர்ம், 'அனுமதி இல்லை'. பயனர் நிரலில் அப்படியே அச்சாகும். சிப் இணைப்பு அறுந்திருக்கும்போது ஆட்கள் கோப்பு அனுமதியைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, அந்த -1 எங்கே பிறக்கிறது என்பது. பெரும்பாலான இடங்களில் அது பிறப்பதே இல்லை. கீழிருந்து ஒரு நல்ல பிழைக்குறி வந்திருக்கும், நடுவில் யாரோ அதை அழித்து -1 எழுதியிருப்பார்கள். அங்கே புதிய எண்ணைத் தேடாதீர்கள், வந்ததை அப்படியே அனுப்புங்கள். கேஎஸ்டிஆர்டூஇன்ட் இதற்கு நல்ல உதாரணம்: எண்ணே இல்லை என்றால் ஈஇன்வல், எண் பெரிதாகிவிட்டால் ஈரேஞ்ச் (-34). இரண்டையும் ஒன்றாக்கினால் பயனருக்கு உதவும் ஒரே தகவலும் போய்விடும்.

புரோப் பாதையில் (டிரைவர் சாதனத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் கட்டத்தில்) இது வெறும் நேர்த்தி சார்ந்த விஷயம் அல்ல. கிளாக், ரெகுலேட்டர், ஜிபிஐஓ, இன்டரப்ட் எதைக் கேட்டாலும், அதைத் தரும் டிரைவர் இன்னும் எழுந்திருக்கவில்லை என்றால் ஈப்ரோப்_டிஃபர் (-517) வரும். அது மேலே போனால்தான் டிரைவர் கோர் பின்னர் மறுபடி முயலும். அதை ஈஎன்எக்ஸ்ஐஓ என்றோ ஈநோடெவ் (-19) என்றோ மாற்றி அனுப்பினால் புரோப் நிரந்தரமாகத் தோற்றுவிடும். அதுவும் சத்தமில்லாமல்: இந்த இரண்டு எண்களையும் கோர் 'இது என் சாதனம் அல்ல' என்று எடுத்துக்கொள்கிறது, டீபக் மட்டத்தில் மட்டுமே எழுதுகிறது. டிரைவர்கள் எழும் வரிசையைப் பொறுத்து ஒரு பூட்டில் சாதனம் வரும், மறு பூட்டில் வராது.

அச்சிடுவதற்கு டெவ்_எர்_ப்ரோப் பயன்படுத்துங்கள், 5.9 முதல் இருக்கிறது. கொடுத்த பிழைக்குறியையே திருப்பித் தரும், ஆகவே `ரிட்டர்ன் டெவ்_எர்_ப்ரோப்(...)` என்று ஒரே வரியில் முடிந்துவிடும். -517 என்றால் லாகை நிரப்பாமல், காரணத்தை டீபக்எஃப்எஸ்ஸில் (பிழைதேடலுக்கான கர்னல் கோப்பமைப்பு) உள்ள டிவைசஸ்_டிஃபர்டு கோப்பில் போட்டுவைக்கும். பிளாட்ஃபார்ம்_கெட்_ஐஆர்க்யூ தோற்றால் மட்டும் நீங்கள் எதுவும் அச்சிட வேண்டாம், 5.4 முதல் அதுவே அச்சிடுகிறது.

பிழை உண்மையிலேயே உங்கள் டிரைவரில் பிறக்கும் இடங்களில் என் தேர்வு: பஸ்ஸில் பேச்சு முறிந்தால் ஈஐஓ, சிப் அடையாள எண் பொருந்தாவிட்டால் ஈநோடெவ், காத்திருந்து கிடைக்காவிட்டால் ஈடைம்ட்அவுட், வன்பொருள் வேறு வேலையில் இருந்தால் ஈபிஸி (-16), கேட்ட வசதி இந்தச் சிப்பில் இல்லை என்றால் ஈஆப்நாட்சப் (-95), தெரியாத ஐஆக்டல் கட்டளைக்கு ஈநோடிடிஒய் (-25). ஈநோசிஸ் (-38) வேண்டாம், அது இல்லாத சிஸ்டம் கால் எண்ணுக்கு மட்டும் உரியது, பேட்ச்களைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட்டே எச்சரிக்கும்.

---

கல்வெட்டு எழுதியது:

> கேட்ட வசதி இந்தச் சிப்பில் இல்லை என்றால் ஈஆப்நாட்சப் (-95)

இதில் ஒரு எச்சரிக்கை. ஈநாட்சப் (-524) என்று இன்னொன்று இருக்கிறது. அது கர்னலுக்குள் மட்டும் புழங்க வேண்டிய எண். பயனர் பக்கம் போனால் சி லைப்ரரிக்கு அது தெரியாது, 'அறியாப் பிழை 524' என்று அச்சாகும். ஆகவே பயனரைச் சென்றடையும் பாதைகளில் மாற்றுவது சரி. ஆனால் ஜிபிஐஓ, பின்கண்ட்ரோல் பகுதிகள் உள்ளே 524-ஐ ஒப்பிட்டுப் பார்த்து 'இல்லையென்றால் பரவாயில்லை' என்று முடிவு செய்கின்றன. அந்தக் கால்பேக்குகளில் (கோர் கூப்பிடும் டிரைவர் ஃபங்ஷன்களில்) 95 என்று மாற்றினால், கண்டுகொள்ளாமல் விடப்பட்ட நிலை உண்மைப் பிழையாகிவிடும். எந்த எண்ணை மாற்றும் முன்பும், மேலே யாராவது அந்த எண்ணை `==` போட்டுப் பார்க்கிறார்களா என்று கிரெப் செய்யுங்கள்.

பெரிய விஷயத்துக்கு வருகிறேன். இந்த வேலையை முழுத் தொகுப்பிலும் செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பழைய டிரைவர்கள் சிலவற்றுக்கு வன்பொருள் யாரிடமும் இருக்காது. இதுவரை கண்டுகொள்ளாமல் விடப்பட்ட ஒரு திருப்பும் மதிப்பைச் சோதிக்கத் தொடங்கினால், அதுவரை ஓடிய சாதனம் நின்றுபோகும். சிப்பின் ஒரு பதிப்பில் இல்லாத ரெஜிஸ்டருக்கு டிரைவர் எழுதும், சிப் நாக் (ஏற்கவில்லை) சொல்லும், டிரைவர் பொருட்படுத்தாமல் போகும், எல்லாம் ஓடும். நீங்கள் `இஃப் (ரெட்) ரிட்டர்ன் ரெட்` சேர்த்ததும் புரோப் தோற்கும். ஒழுங்கு வந்தது, சாதனம் போனது.

---

தடம் எழுதியது:

கல்வெட்டு சொல்வதில் பாதியை ஏற்கிறேன். இரண்டு வேலைகளைப் பிரிக்க வேண்டும். ஏற்கெனவே சோதிக்கப்படும் மதிப்பைச் சரியாக மேலே அனுப்புவது ஒன்று. இதுவரை சோதிக்கப்படாததைச் சோதிப்பது வேறொன்று. முதலாவது வன்பொருள் இல்லாமலும் வாசித்தே சரிபார்க்கத் தகுந்தது. இரண்டாவதில் நீங்கள் சொல்லும் ஆபத்து உண்மை. வன்பொருள் கையில் இல்லை என்றால் அங்கே டெவ்_வார்ன் மட்டும் போட்டு, தொடர்ந்து போக விடலாம். சில வெளியீடுகள் கழிந்து யாரும் அந்த எச்சரிக்கையைச் சொல்லவில்லை என்றால் அப்போது இறுக்கலாம்.

ஆனால் 'பழையதைத் தொடாதே' என்பதை ஏற்க முடியவில்லை. புதிய டிரைவர்கள் பழையதைப் பார்த்தே எழுதப்படுகின்றன. ஒரு தவறான வடிவம் தொகுப்பில் இருக்கும்வரை அது நகலெடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்.

---

கல்வெட்டு எழுதியது:

பிரித்துச் செய்தால் எனக்கு எதிர்ப்பில்லை. டெவ்_வார்ன்-ஐ ஒருமுறை மட்டும் அச்சாகும் வடிவத்தில் போடுங்கள், இல்லையேல் ஒவ்வொரு ரீட்டுக்கும் ஒரு வரி வரும்.

---

நுண்ணலை எழுதியது:

பாயிண்டர் கதை. மூன்று வகை இருக்கின்றன, மூன்றையும் கலப்பதுதான் டிரைவர்களில் நிரந்தர நோய்.

கேமல்லாக், டெவ்எம்_கேஸல்லாக், டெவ்எம்_ஐஓரீமேப்: தோற்றால் நல் (வெற்றுப் பாயிண்டர்). சோதனை `!பி`, திருப்ப வேண்டியது ஈநோமெம் (-12).

டெவ்எம்_கிளாக்_கெட், டெவ்எம்_ஐஓரீமேப்_ரிசோர்ஸ், டெவ்எம்_பிளாட்ஃபார்ம்_ஐஓரீமேப்_ரிசோர்ஸ், கேத்ரெட்_ரன்: தோற்றால் பிழையைச் சுமந்த பாயிண்டர். சோதனை ஈஸ்_எர், திருப்ப வேண்டியது பிடிஆர்_எர். முகவரி வெளியின் கடைசி 4095 எண்கள் பிழைக்காக ஒதுக்கப்பட்டவை, அதனால்தான் இந்த உத்தி செல்லுபடியாகிறது.

பெயர்களைப் பாருங்கள்: டெவ்எம்_ஐஓரீமேப் நல் தருகிறது, பின்னால் _ரிசோர்ஸ் ஒட்டினால் பிழைப் பாயிண்டர் தருகிறது. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாறும் பேட்ச்களில் `!பேஸ்` சோதனை அப்படியே தங்கிவிடும். பிழைப் பாயிண்டர் நல் அல்ல, ஆகவே சோதனையைத் தாண்டிப் போய், முதல் ரெஜிஸ்டர் வாசிப்பிலேயே கர்னல் விழும்.

மூன்றாவது, _ஆப்ஷனல் குடும்பம். டெவ்எம்_ஜிபிஐஓடி_கெட்_ஆப்ஷனல், டெவ்எம்_கிளாக்_கெட்_ஆப்ஷனல்: சாதன விவரத்தில் அது இல்லவே இல்லை என்றால் நல், அது பிழை அல்ல. இருந்து, எடுக்க முடியாவிட்டால் பிழைப் பாயிண்டர். சோதனை ஈஸ்_எர் மட்டும். நல் கிளாக்கையும் நல் ஜிபிஐஓவையும் அந்தந்த ஃபங்ஷன்கள் அமைதியாக ஏற்றுக்கொள்ளும், நடுநடுவே `இஃப் (கிளாக்)` தேவையில்லை.

இங்கேதான் ஈஸ்_எர்_ஆர்_நல் வந்து கெடுக்கிறது. 'எதற்கும் இரண்டையும் பார்ப்போம்' என்று போடுவார்கள், உள்ளே `ரிட்டர்ன் பிடிஆர்_எர்(பி)`. பாயிண்டர் நல் என்றால் பிடிஆர்_எர் 0. அதாவது புரோப் பாதியில் நின்றுவிட்டு வெற்றி என்று சொல்கிறது. பிறகு யாராவது சாதனத்தைத் திறந்தால் அமைக்கப்படாத தரவைத் தொடுவார்கள். தொகுப்பு முழுக்க ஈஸ்_எர்_ஆர்_நல் தேடி, ஒவ்வொன்றுக்கும் கூப்பிடப்பட்ட ஃபங்ஷனைப் பார்த்து, ஈஸ்_எர் அல்லது `!பி` இரண்டில் ஒன்றாக ஆக்குங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பிளாட்ஃபார்ம்_கெட்_ஐஆர்க்யூ_ஆப்ஷனல் இந்தக் குடும்பப் பெயரைச் சுமந்தாலும் 'இல்லை' என்பதற்கு 0 தராது, ஈஎன்எக்ஸ்ஐஓ தரும். ஆகவே அங்கே -6 வந்தால் இன்டரப்ட் இல்லாமல் தொடரலாம், வேறு எதிர்மம் வந்தால் வெளியேற வேண்டும். `இஃப் (ஐஆர்க்யூ <= 0) ரிட்டர்ன் ஐஆர்க்யூ` என்ற பழைய வரியைப் பார்த்தால் `< 0` ஆக்குங்கள். அந்த 0 வழியே புரோப் வெற்றி என்று தப்பிக்கும் பாதை அடைபடும். ஐஆர்க்யூ மாறி அன்சைன்ட் ஆக இருந்தால் `< 0` ஒருபோதும் உண்மையாகாது, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

---

அலைவரிசை எழுதியது:

சின்ன சந்தேகம். சாதன விவரத்தில் விருப்பப் பண்பு ஒன்றை டிவைஸ்_ப்ராபர்ட்டி_ரீட்_யு32 வழியாக வாசிக்கிறோம். அங்கேயும் ரெட்-ஐச் சோதித்துத் திருப்ப வேண்டுமா?

---

தடம் எழுதியது:

வேண்டாம். மாறியில் முதலில் இயல்பு மதிப்பைப் போட்டுவிட்டு வாசியுங்கள். பண்பு இல்லையென்றால் அந்த ஃபங்ஷன் மாறியைத் தொடாது, இயல்பு மதிப்பு அப்படியே இருக்கும். திருப்பும் மதிப்பைப் புறக்கணிப்பதே அங்கே சரியான வடிவம். கட்டாயப் பண்பு என்றால் மட்டும் சோதித்துத் திருப்புங்கள்.

டீபக்எஃப்எஸ் கோப்பு உருவாக்கும் ஃபங்ஷன்களும் இப்படியே. அவை தோற்றாலும் டிரைவர் ஓட வேண்டும், சோதனைகளை நீக்கிவிடுவதே பராமரிப்பாளர்கள் கேட்பது.

---

மின்வலை எழுதியது:

எல்லாத்தையும் '0 அல்லது எதிர்மம்'-க்கு கொண்டுவரும்போது கால்பேக்குகளைத் தொட்டுடாதீங்க. கோர் உங்களைக் கூப்பிடுற இடத்துல விதி அவங்களோடது.

இன்டரப்ட் ஹேண்ட்லர்: ஐஆர்க்யூ_நன் 0, ஐஆர்க்யூ_ஹேண்டில்டு 1, ஐஆர்க்யூ_வேக்_த்ரெட் 2. இதுல எர்நோ திருப்பினா 'போலி மதிப்பு'ன்னு கோர் லாக்ல கத்தும். உள்ள ரெக்மேப்_ரீட் தோத்தா என்ன திருப்புறது? இன்டரப்ட் நம்மளோடதுதானான்னு உறுதியாச் சொல்ல முடியலேன்னா ஐஆர்க்யூ_நன். ஒரு லட்சம் இன்டரப்ட்ல 99,900-க்கு மேல யாரும் ஏத்துக்கலேன்னா கோர் அந்த லைனையே அணைச்சிடும். பஸ் செத்துப்போன நேரத்துல அதுதான் உங்களைக் காப்பாத்துற பாதுகாப்பு. எப்பவும் ஹேண்டில்டு-னு பொய் சொன்னா சிபியு அங்கேயே சுத்திக்கிட்டிருக்கும்.

நெட்வொர்க்ல என்டிஓ_ஸ்டார்ட்_எக்ஸ்மிட்: பாக்கெட்டை நாமளே விடுவிச்சுட்டோம்னா, அனுப்பினாலும் கைவிட்டாலும், நெட்டெவ்_டிஎக்ஸ்_ஓகே. விடுவிச்சப்புறம் நெட்டெவ்_டிஎக்ஸ்_பிஸி திருப்பினா கோர் அதே பாக்கெட்டை மறுபடி அனுப்பப் பார்க்கும், நினைவகம் கெடும்.

போல் (தரவு தயாரான்னு கேட்கிற கால்பேக்): அது எர்நோ இல்லை, பிட் மாஸ்க். எதிர்ம எண் திருப்பினா கிட்டத்தட்ட எல்லா பிட்டும் ஏறிடும். பிழைன்னா ஈபோல்எர்.

சிஸ்எஃப்எஸ் ஸ்டோர் (சிஸ்எஃப்எஸ் கோப்புல பயனர் எழுதினா ஓடுறது): வெற்றின்னா வாங்கின பைட் எண்ணிக்கையைத் திருப்பணும். 'ஒழுங்குபடுத்துறேன்'னு 0 திருப்பினா எழுதுற நிரல் எதுவும் போகலேன்னு நினைச்சு மறுபடி மறுபடி எழுதும்.

ரன்டைம்_சஸ்பெண்ட்: ஈபிஸி (-16), ஈஅகெய்ன் (-11) ரெண்டும் 'இப்ப வேண்டாம், அப்புறம் பார்க்கலாம்'. வேற எதைத் திருப்பினாலும் பிஎம் கோர் அதை நிரந்தரப் பிழைன்னு குறிச்சுவச்சு, நிலையை நேரடியா மாத்தி அமைக்கிற வரைக்கும் அந்தச் சாதனத்தோட ரன்டைம் மேலாண்மையையே நிறுத்திடும். ஈபிஸியை அழகுக்காக ஈஐஓ ஆக்கினா என்ன ஆகும்னு பார்த்துக்கோங்க.

---

வடிகால் எழுதியது:

ரிமூவ்? சில டிரைவர்கள் ரிமூவில் ஈபிஸி திருப்பி 'இப்போது கழற்றாதே' என்று சொல்லப் பார்க்கின்றன.

---

நுண்ணலை எழுதியது:

அது ஒருபோதும் பலித்ததில்லை. பிளாட்ஃபார்ம் கோர் ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டுக் கழற்றலைத் தொடர்ந்தது. டெவ்எம் (கழற்றும்போது தானாக விடுவிக்கும் வகை) வழியாக எடுத்தவை எல்லாம் விடுவிக்கப்பட்டன, ரிமூவில் கைவிட்டு வந்தவை மட்டும் பதிவிலேயே தங்கின. அதாவது விடுவிக்கப்பட்ட நினைவகத்தைச் சுட்டும் பதிவு. இந்தக் குழப்பத்தால்தான் வகையையே மாற்றினார்கள்: எஸ்பிஐ ரிமூவ் 5.18-இல் வாய்ட் ஆனது, ஐ2சி 6.1-இல், பிளாட்ஃபார்முக்கு 6.3-இல் ரிமூவ்_நியூ என்ற இடைக்காலக் கால்பேக் வந்து, 6.11-இல் ரிமூவ் தானே வாய்ட் ஆனது.

மாற்றும்போது `ரிட்டர்ன் 0` நீக்குவதோடு நிறுத்தாதீர்கள். ரிமூவின் நடுவில் முன்கூட்டியே வெளியேறும் எந்த `ரிட்டர்ன்` இருந்தாலும் அது கசிவு. குறிப்பாக, சாதனத்தை எழுப்பத் தோற்றால் உடனே வெளியேறும் வடிவம். வன்பொருளைத் தொடும் வரிகளை மட்டும் தவிருங்கள், மென்பொருள் வளங்களை விடுவிப்பது எப்படியும் நடந்தாக வேண்டும்.

---

அலைவரிசை எழுதியது:

ஒரே டிரைவரின் பொதுப்பகுதி ஃப்ரீபிஎஸ்டி, விண்டோஸ் இரண்டிலும் பகிரப்பட்டால் இந்த '0 அல்லது எதிர்மம்' நிற்குமா?

---

தடம் எழுதியது:

நிற்காது. பொதுப்பகுதிக்குச் சொந்தமாக ஓர் எண்ணடுக்கு வைத்து, ஒவ்வொரு இயங்குதளத்தின் ஒட்டுப்பகுதியில் ஒரே ஒரு மாற்று ஃபங்ஷன் வைப்பதே வழி.

ஃப்ரீபிஎஸ்டியில் எர்நோ நேர் எண். புரோபில் 0-வும் எதிர்ம எண்களும் வெற்றி, அவை முன்னுரிமையைக் குறிக்கும்: பஸ்_ப்ரோப்_டிஃபால்ட் -20, பஸ்_ப்ரோப்_வெண்டர் -10, 0-வுக்கு நெருங்க நெருங்க முன்னுரிமை அதிகம். லினக்ஸ் பழக்கத்தில் அங்கே -ஈஎன்எக்ஸ்ஐஓ திருப்பினால் அது -6. 'என் சாதனம் இல்லை' என்று சொல்ல நினைத்த டிரைவர், உரிய டிரைவரையும் முந்திக்கொண்டு அந்தச் சாதனத்தைப் பிடித்துக்கொள்ளும்.

விண்டோஸில் என்டி_சக்சஸ் என்பது நிலைக்குறி 0 அல்லது அதற்கு மேல் என்று மட்டும் பார்க்கிறது. ஸ்டேட்டஸ்_டைம்அவுட் 0எக்ஸ்102, ஸ்டேட்டஸ்_பெண்டிங் 0எக்ஸ்103, இரண்டும் அந்தச் சோதனையில் தேறிவிடும். கேஇ_வெயிட்_ஃபார்_சிங்கிள்_ஆப்ஜெக்ட்டுக்கு நேர வரம்பு கொடுத்திருந்தால் என்டி_சக்சஸ் போதாது, ஸ்டேட்டஸ்_சக்சஸுடன் நேரடியாக ஒப்பிடுங்கள். எதிர்ப்பக்கத்தில் ஸ்டேட்டஸ்_பஃபர்_ஓவர்ஃப்ளோ 0எக்ஸ்80000005, அது எச்சரிக்கை வகை. என்டி_சக்சஸ் பொய் என்று சொல்லும், ஆனால் பஃபரில் பாதித் தரவு செல்லுபடியாக இருக்கும்.

---

வடிகால் எழுதியது:

கருவிகள்? எல்லாவற்றையும் கண்ணால் வாசிக்க முடியாது.

---

நுண்ணலை எழுதியது:

தேடுவதற்கு, மூலநிரலை ஓட்டாமலே அலசும் கருவிகள் இரண்டு. காக்சினெல்: `மேக் காக்சிசெக் மோட்=ரிப்போர்ட்` என்று, எம் மாறியில் உங்கள் அடைவைக் கொடுத்து ஓட்டுங்கள். அன்சைன்ட் மாறியை 0-வை விடக் குறைவா என்று பார்ப்பது, நல்லையும் பிழைப் பாயிண்டரையும் குழப்புவது, இரண்டுக்கும் விதிக் கோப்புகள் கர்னல் மரத்திலேயே இருக்கின்றன. அடுத்தது ஸ்மாட்ச். காக்சினெல் வடிவத்தைப் பார்க்கும், ஸ்மாட்ச் மதிப்பின் ஓட்டத்தைப் பார்க்கும். 'பிழைக்குறி விடுபட்டது', 'பிடிஆர்_எர்-க்கு பூஜ்யம் போகிறது' என்ற இரண்டு எச்சரிக்கைகளை முதலில் எடுங்கள். முதலாவது, கோடூ-வுக்கு முன்னால் `ரெட்`-இல் எதுவும் போடாமல் குதிக்கும் இடங்களைக் காட்டும். அவை எல்லாம் 'தோற்றும் வெற்றி' என்று சொல்லும் புரோப்கள்.

எச்சரிக்கை வந்த இடமெல்லாம் பிழை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேண்டுமென்றே 0 திருப்பி வெளியேறும் இடமும் அதே எச்சரிக்கையைத் தரும். அங்கே லேபிளுக்குக் குதிக்கும் முன் `ரெட் = 0` என்று வெளிப்படையாக எழுதிவிட்டால் கருவிக்கும் வாசிப்பவருக்கும் சந்தேகம் தீரும்.

ஓட்டிப் பார்ப்பதற்கு: கேமெம்லீக் (நினைவகக் கசிவைக் காட்டுவது), காசான் (தவறான நினைவக அணுகலைப் பிடிப்பது) இரண்டையும் இயக்கி, கான்ஃபிக்_டீபக்_டெஸ்ட்_டிரைவர்_ரிமூவ் சேர்த்து ஒரு கர்னல் கட்டுங்கள். இது ஒவ்வொரு சாதனத்துக்கும் புரோப், ரிமூவ், மறுபடி புரோப் என்று ஓட்டும், ரிமூவ் விட்டுச்சென்றவை உடனே வெளிப்படும். பிழைப் பாதைகளுக்கு, நினைவக ஒதுக்கீட்டை வேண்டுமென்றே தோற்கச் செய்யும் ஃபெயில்ஸ்லாப். நிகழ்தகவை 100 ஆக்கி, டாஸ்க்_ஃபில்டர் போட்டு, பைண்ட் கோப்பில் எழுதும் ஷெல்லை மட்டும் குறிவையுங்கள். ஸ்பேஸ் மதிப்பை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஏற்றினால் ஒதுக்கீடுகள் ஒவ்வொன்றாகத் தோற்கும், ஒதுக்கீடு தோற்றால் ஓடும் புரோபின் பின்வாங்கல்கள் ஒருமுறையாவது ஓடும். ஐ2சிக்கு, ஜிபிஐஓ வழி பஸ் ஓட்டினால் அதற்கென்றே பிழை புகுத்தும் வசதி கர்னலில் உண்டு; பாதியில் நின்ற பரிமாற்றத்தை அது உருவாக்கித் தரும்.

---

கல்வெட்டு எழுதியது:

பேட்ச் பிரிப்பதைப் பற்றி ஒன்று; இதைப் பிறகு வாசிக்கப்போவது பராமரிப்பாளர் என்பதால்.

ஒரு டிரைவருக்கு மூன்று அடுக்கு. முதலில் உண்மைப் பிழைகள்: -517 அழிவது, 0 தப்பிப்பது, அன்சைன்ட் மாறி. ஒவ்வொன்றும் தனி பேட்ச், ஃபிக்ஸஸ் வரியுடன் (எந்தப் பழைய மாற்றத்தின் பிழையைத் திருத்துகிறது என்று சொல்வது), நிலைக் (ஸ்டேபிள்) கிளைகளுக்குப் போகும்படி. அடுத்து நடத்தை மாறாத ஒழுங்கு: `ரெட் < 0` என்பதை `ரெட்` ஆக்குவது, டெவ்_எர்_ப்ரோப். இவற்றுக்கு ஃபிக்ஸஸ் வரி போடாதீர்கள், நிலைக் கிளைக்கு இழுக்கப்பட்டுவிடும். கடைசியில் புதிய சோதனைகள், வன்பொருளில் ஓட்டிப் பார்த்தவை மட்டும்.

ஒழுங்கு பேட்ச்சின் விளக்கத்தில் 'ரெட் சோதனைகளைச் சீராக்கியது' என்று மட்டும் எழுதாதீர்கள். இந்தக் கோப்பில் கூப்பிடப்படும் எந்தெந்த ஃபங்ஷன்கள் 0 அல்லது எதிர்மம் மட்டுமே தரும் என்று பார்த்தீர்கள் என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். அடுத்தவர் அந்தப் பட்டியலைக் கொண்டே சரிபார்க்க முடியும். பின்னாளில் அவற்றில் ஒன்று மாறினால் எங்கே தேட வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும்.